எதிர்ச்சன்னலின் நிறம்

வருடம் முடிகிற வாரத்தில் என் வேலை
வீட்டைக் காலி செய்வது.
ஜிகினாச் சரம் மூன்று பை,
பனி மாதிரி நடிக்கும் பஞ்சு,
மேராப்புக்கு மின்வாரியத்தில் கொடுத்த
வயிற்றை அமுக்கினால் பாடும் கரடி,
எல்லாம் கட்டிலுக்கடியில் போயின.
குளிர்பெட்டிக் கதவின் காந்தப் பழங்களைக்கூட
நான் விட்டுவைக்கவில்லை.
"கிறிஸ்துமஸா, குடி மாறுகிறோமா?" என்றான் மேராப்.

பிறகு திபிலீசியின் ரயிலடிச் சந்தையில்
கத்தியும் கையுமாக நின்றவரிடம்
ஒரு சிச்சிலாக்கி வாங்கினேன்.
காய்ந்த ஹேசல் கொம்பைச் சீவிச் சீவி
அறுத்துவிடாமல் நிறுத்திய சுருள்கள்
அடுக்கடுக்காய்த் தொங்கும் மரம்.
புனித பாசிலின் தாடி என்பார்கள் இங்கே.
முழங்கை உயரம். பால் வெள்ளை.
காசு போட்டால் மட்டும் ஏறும் மின்தூக்கியில்
ஒன்பது மாடி
தாடியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

மேசையின் நடுவில் வைப்பது கடைக்காரன் புத்தி.
சன்னலுக்கு ஒரு சாண் இடப்பக்கம்,
அடியில் கரும்பழுப்புக் கம்பளித் துண்டு,
நூலில் கோத்து உலர்த்திய பெர்சிமன் ஏழு,
ஐவி இலை மூன்று.
நான்காவதை மாட்டிப் பார்த்தேன்,
கழற்றினேன்.
தள்ளி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தேன்.
வீட்டுக்கு மூச்சு விட இடம் கிடைத்திருந்தது.

எட்டு மணிக்கு
எதிர்க் கட்டடத்து ஒன்பதாம் மாடியில்
எவனோ ஸ்விட்சைப் போட்டான்.

என் மரம் சிவந்தது.
நீலமானது.
பிறகு ஒரு பச்சை,
பாசி பிடித்த தொட்டியில் முக்கி எடுத்தது போல.
மறுபடி சிவப்பு.
திரையை இழுத்து விட்டேன்.
திரை சிவந்தது.
"நமக்குச் செலவில்லாத விளக்கு" என்று
மேராப் ஒயினை ஊற்றினான்.
நான்கு இரவு இப்படியே.
அந்தச் சரத்தை அவன் மாட்டியிருந்த அழகு வேறு!
ஆணி போதாமல் ஒரு பக்கம் தாழ்ந்து
துவைத்துப் போட்ட காலுறை மாதிரி.

ஜனவரி ஆறு.
சன்னல்தோறும் மெழுகுவத்தி ஏற்றும் இரவு.
எட்டு அடித்தது. எட்டரை.
எதிரே வெளிச்சம் வரவில்லை.
என் மரம் வெள்ளையாக நின்றது,
நான் கேட்டபடி, காசு கொடுத்து வாங்கியபடி,
உப்பு மறந்த கஞ்சி போல.
கொஞ்ச நேரம் அதையே ரசிக்கப் பார்த்தேன்.
ஒன்பது மணிக்கு மேலங்கியை மாட்டினேன்.

எதிர்க் கட்டடத்து மின்தூக்கியும் காசு கேட்டது.
கதவைத் திறந்தவர் பெயர் ஜும்பர்.
மினிபஸ் ஓட்டுகிறாராம்,
குடிவந்து மூன்று வாரமாம்.
அறையில் ஒரே நாற்காலி,
அதுவும் சன்னலைப் பார்த்து.
மரமில்லை, மாலையில்லை.
தரையில் பிரித்துப் போட்ட சரம்,
கருகிய ஒயரின் வாடை.
"எதிர் வீடு, ஒன்பதாம் மாடி" என்றேன்.
அவர் முகம் மலர்ந்தது.
"அந்த மரம் உங்களுடையதா!
அதற்கு நீலம்தான் பொருத்தம், இல்லையா?"
பிறகு குரலைத் தாழ்த்தி,
"தொந்தரவென்றால் இனிப் போடவில்லை."

பதினோரு வருட ரசனை
தொண்டை வரை வந்து நின்றது.
"என் கணவர் மின்சாரக்காரர்" என்றேன்,
"ஒயரோடு வரச் சொல்கிறேன்."
இன்னும் இரண்டு ஆணி அடித்தால்
சரம் நேராக நிற்கும் என்பதையும்
சொல்லாமல் வர முடியவில்லை.

பத்தே காலுக்கு
எங்கள் சன்னலில் மெழுகுவத்தி,
அவர் சன்னலில் மேராப்பின் முதுகு.
மரம் சிவந்தது. நீலமானது.
அங்கிருந்து முழுதாகத் தெரியட்டும் என்று
ஒரு சாண் வலப்பக்கம் நகர்த்தினேன்.
நான்காவது இலையை மட்டும் மாட்டவில்லை.

அந்தப் பச்சை
இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை.