நான்கு குழிகளில் இரண்டு

லிவியோ பெர்தோத்துக்குக் கை நடுங்கவில்லை.
காப்பி மூட்டையில் குத்தூசியை இறக்கி
ஒரு பிடி பச்சைக்கொட்டை எடுத்து முகர்ந்து
தலையசைப்பது அவர் வேலை,
திரியேஸ்தே துறைமுகத்தில், இருபத்தேழு வருடமாய்.

கடைசி ஆறு வருடம் எதுவும் மணக்கவில்லையாம்.
பக்கத்தில் நிற்கும் எஜிதியோவின் முகம் பார்த்து
அவன் சுளித்தால் இவரும் சுளித்திருக்கிறார்.
மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை.
மூக்குத் தூரிகையோடு நின்ற என்னிடம்
அண்ணாந்தபடி, கண்ணில் நீர் வழியச் சொன்னார்.
நீருக்குக் காரணம் தூரிகைதான் என்றார்.

மனைவி சொன்னது வேறு:
தூக்கத்தில் உதைக்கிறார்,
யாரையோ துரத்துகிறார்,
விடிந்தால் ஒன்றும் நினைவில்லை.

மூக்கின் கூரையில் வருடிய ஈரத்தை
நான்கு குழிகளில் இட்டு மூடினேன்.
கோணலாய் மடிந்த புரதம் அதில் இருந்தால்
நல்லதையும் தன்போல் மடித்துவிடும்.
மடிந்தது ஒளிரும்.
அதற்கு விடாமல் குலுக்க வேண்டும்:
ஒரு நிமிடம் குலுக்கல், ஒரு நிமிடம் ஓய்வு,
இரண்டு இரவு.
அவர் கைக்கு முன்னால்
எங்கள் இயந்திரம் நடுங்கிப் பார்க்கிறது.

முப்பத்தோராம் மணியில் ஒரு கோடு எழுந்தது.
பிறகு இன்னொன்று.
மற்ற இரண்டும் தரையோடு கிடக்கின்றன.

இரண்டு போதுமா?
விதிமுறைத் தாளைப் புரட்டுகிறேன்.
மறுபடி செய் என்கிறது.

வெளியே போரா காற்று ஜன்னலை உலுக்குகிறது.
கீழ்த்தளத்தில் யாரோ காப்பி வைத்துவிட்டு மறந்திருக்கிறார்கள்,
தீய்கிறது.
எனக்கு வருகிறது வாசனை.
இருந்தும்
இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறேன்.