ரிஃப்ளெக்டர் பிடிக்கிறவன்

ஆரல்வாய்மொழி தாண்டி
முப்பந்தலுக்குக் கொஞ்சம் முன்னால்
பெனட் அண்ணன் காரை ஓரங்கட்டினார்.
கதவு திறந்ததுமே ஆடிக்காற்று
ஷெர்லினின் முந்தானையை உருவி
அஜினின் முகத்தில் அறைந்தது.
இதுதான் ஷாட் என்று கத்தினார் அண்ணன்.
கேமரா இன்னும் பைக்குள் கிடந்தது.

தலைக்கு இருபது, கேமராவுக்கு நூறு.
வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
வடிவு என்கிற அம்மாள் வசூலித்தாள்.
மடியில் எவர்சில்வர் தட்டு, கையில் கரண்டி.
தட்டு சில்லறைக்கு என்று நினைத்தேன்.
கிளிகளுக்காம்.
பேச்சை நிறுத்தாமலே தட்டுகிறாள்.
கிளிகள் எழுந்து ஒரு வட்டம் போட்டு
அடுத்த பாத்தியில் இறங்குகின்றன,
டிக்கெட் எடுக்காமல்.

என்னிடம் வந்ததும் தயங்கினாள்:
"நீ பூ பாக்க வந்தியா மக்களே, சோலிக்கு வந்தியா?"
சோலிக்கு என்றேன்.
இருபது ரூபாய் மிச்சம்.

சோலி இதுதான்.
மடித்தால் சோற்றுத்தட்டு அளவு,
விட்டால் படக்கென்று விரிந்து
கல்யாண வீட்டு வார்ப்பின் வாய்.
ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் பொன்.
வெயில் எங்கே என்று பார்த்து
அதைப் பிடித்து
அடுத்தவர் முகத்தில் போட வேண்டும்.
நாலு வருஷமாகப் போடுகிறேன்.
ஒரே ஒரு ஆல்பத்தில்
என் இடது செருப்பு இருக்கிறது.

மணி ஐந்தரை.
வெயில் மேற்கே சாய்ந்திருக்க
வயல் மொத்தமும் கிழக்கே பார்த்து நின்றது.
ரோட்டிலிருந்து இறங்கியவர்களுக்குக் கிடைத்தது
பச்சைப் பிடரிகள் மட்டும்,
பூசைக்குப் பிந்தி வந்தவன்
கடைசி பெஞ்சிலிருந்து பார்க்கிற மாதிரி.

"சூரியன் போற பக்கமெல்லாம் திரும்பும்னு சொன்னாங்களே?"
ஷெர்லினுக்கு ஏமாற்றம்.
"மொட்டுல திரும்பும் பிள்ளே.
வித்து பிடிச்சா கழுத்து விறைச்சுப் போவும்.
பொறவு கிழக்கு ஒண்ணுதான்."

வெயில் வேண்டுமென்றால் பூவுக்கு முகமில்லை.
முகம் வேண்டுமென்றால் வெயிலில்லை.
சுற்றிக்கொண்டு கிழக்கு வரப்புக்குப் போனோம்.
எல்லா முகமும் நிழலில்,
பூக்கள், மாப்பிள்ளை, பெண்.
நான் பொன்னைத் திருப்பிப் பிடித்தேன்.

அந்தியை ஒருபோதும் பார்த்திராத
முப்பது நாற்பது பூக்களின் மேல்
அந்தி விழுந்தது.
ஒரு தேனீ குழம்பித் திரும்பி வந்தது.
ஷெர்லின் கண்ணைச் சுருக்கினாள்.
சிரி என்றார் அண்ணன்.

"எத்தனை நாள் பயிர் இது?" அஜின் கேட்டான்.
"தொண்ணூறு."
"என் லீவும் அவ்வளவுதான்."
மே மாதம் கல்யாணம்,
ஞாயிறு காலை மஸ்கட் விமானம்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
வடிவு தட்டைத் தட்டினாள்.
கிளி ஒன்றும் இல்லாத பக்கம் பார்த்து.

அப்போது காற்று என்னைத் தூக்கியது.
பாய்மரம் பிடித்தவன் போல
நாலு அடி இழுபட்டு
வெளிச்சத்தைத் தவறவிட்டேன்.
அது அவள் முகத்தை விட்டு வழுகி
அவன் சட்டைப் பொத்தான்களைத் தாண்டி
வயலுக்குள் ஓடியது.
ஒரு கூட்டம் கிளி
கரைந்துகொண்டு எழும்பியது.
திரும்பி வந்தபோது
ஷெர்லின் கர்சீப்பால் மையைச் சரிசெய்திருந்தாள்.
தூசி என்றாள்.
இங்கே காற்று அப்படித்தான் என்றேன்.

வடிவுக்கு ரிஃப்ளெக்டர் பிடித்துவிட்டது.
"இத விட்டுட்டுப் போறியா?
தட்டைவிட கிளி இதுக்குத்தான் பயப்படுது."
ஆயிரத்து எண்ணூறு ரூபாய் அக்கா
என்றார் அண்ணன்.
"அப்ப கிளியே தின்னட்டும்."

எட்டுப் போல முறுக்கினால்தான் மடங்கும் சனியன்.
மடக்கும்போது உள்ளே ஒரு இதழ் சிக்கிக்கொண்டது.
பார்த்தேன். எடுக்கவில்லை.
திங்கட்கிழமை புதுக்கடையில்
வேறொரு மாப்பிள்ளையின் கன்னத்தில்
நகத்தளவு நிழல் ஒன்று
நின்று நின்று ஆடியது.
கையை ஆட்டாம பிடிடே
என்றார் அண்ணன்.