இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே

அறுபத்திரண்டு பெயர். அறுபத்திரண்டு ஊசி.
கொப்பியில் கோடு போட்டு எழுதியது நான்.
சனிக்கிழமை காலை எட்டரைக்கு,
ஜம்பட்டா வீதியில், தையல்கடைக்கு மேல்மாடியில்,
பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி.

ஒரு கிழமையாக மூன்று மொழியில் போன் பேசினேன்.
"சாப்பிட்டுவிட்டு வரலாமா?" வரலாம்.
"இவளுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது."
டொக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்.
"காய்ச்சல் வந்த பிறகு போட்டால் போதாதா?"
இதற்கு எந்த மொழியிலும்
என்னிடம் சின்னப் பதில் இருக்கவில்லை.

வெள்ளி இரவு ஏழு பத்துக்குக் கரண்ட் போனது.
மழையில்லை, இடியில்லை, சும்மா போனது.
ஃபிரிட்ஜின் இரைச்சல் நின்ற பிறகுதான் தெரிந்தது
இத்தனை நாளும் அது இரைந்துகொண்டிருந்தது என்று.
இரண்டு பாகைக்குக் கீழே போகக் கூடாது,
எட்டுக்கு மேலே ஏறக் கூடாது.
சுட்டாலும் வீண், உறைந்தாலும் வீண்.
ஐஸ் பொதிகளைத் துவாயில் சுற்றி
மேலே அட்டை வைத்து
அறுபத்திரண்டையும் பெட்டியில் அடுக்கி
ஓட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு போனேன்,
ஆமர் வீதி ஹில்மியின் பார்மசிக்கு.
அவரிடம் ஜெனரேட்டர் உண்டு.
"உள்ளே மீனா மிஸ்?" என்றார் ஓட்டோக்காரர்.
ஓம் என்றேன்.
பள்ளம் வந்தபோதெல்லாம் பெட்டியைச் சற்றுத் தூக்கி
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
வெப்பமானியில் ஐந்து புள்ளி நான்கு.
ஹில்மி இன்சுலின் தட்டை ஒதுக்கி இடம் விட்டார்.
வாடகை கேட்கவில்லை.
பதினேழாம் நம்பர் தன் மகன்தான்,
முதலாவதாக எடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

முடியாது.
முதலாவது பிள்ளை அழக் கூடாது.
மருத்துவப் புத்தகம் எதிலும் இல்லாத விதி இது.
ஒன்று வீரிட்டால் போதும்,
படிக்கட்டின் கடைசிப் பிள்ளைவரை தொற்றும்,
தும்மலைவிட வேகமாக.
பழைய கோப்புகளைப் புரட்டித்தான் அஸ்மாவைப் பிடித்தேன்.
வயது ஏழு. போன வருஷம்
ஊசி ஏறும்போது ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தவள்.

எங்களுக்கு வாசல் ஒன்றுதான்.
போட்டுக்கொண்டவர்கள் வந்த வழியே திரும்பினால்
காத்திருப்பவர்கள் அவர்களின் கண்களைப் பார்த்துவிடுவார்கள்.
சமையலறைக் கதவைத் திறந்துவிட்டேன்,
எரிவாயு சிலிண்டரைத் தள்ளிவைத்து.

அஸ்மா கையை நீட்டினாள். பார்த்தாள்.
பின்கதவால் இறங்கிப் போனாள்.
இருபத்திரண்டுவரை தப்பினோம்.
இருபத்து மூன்று ருக்ஷான், கதிரைக்குக் கீழே.
சந்திமா மிஸ் தானும் கதிரைக்குக் கீழே போனாள்.
ஆறு நிமிஷம் கழித்து இருவருமாக வெளியே வந்தார்கள்.
என்ன கதைத்தாள் என்று
இன்றுவரை சொல்ல மறுக்கிறாள்.

வராதவர்கள் இரண்டு பேர்.
ஒரு வீட்டில் கண்டிக்குப் போய்விட்டார்கள்.
மற்ற வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல்.

பதினொன்றரைக்கு ஒரு பெண்,
பட்டியலில் இல்லாதவள், படியேறி வந்தாள்.
பிள்ளைகள் இரண்டு. காசு ஒன்றுக்கு.
மூத்தவனுக்கு இழுப்பு.
இளையவன் இன்னும் பால்போத்தலை விடவில்லை.
"ஆருக்குப் போட்டால் நல்லது, மிஸ்?"
குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.
ஆனால் இரண்டு பேருக்கும் கேட்டுவிட்டது.
இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

டொக்டர் யோகமலர் உள்ளிருந்தே சொன்னார்:
"ரெண்டு பேரையும் அனுப்பு.
மற்றதைச் சாம்பிள் என்று எழுது."
எங்களிடம் சாம்பிள் என்று எதுவும் இல்லை.
எழுதினேன். அந்த வரியில் மட்டும்
என் கையெழுத்து கொஞ்சம் அழகாக விழுந்திருக்கிறது.

முதல்முறை போடுகிற சின்னவர்களுக்கு
நாலு கிழமையில் இன்னொன்று போட வேண்டும்.
இரண்டு கார்டிலும் திகதி எழுதிக் கொடுத்தேன்.
அதற்கு யார் காசு என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை, கணக்குப் பார்க்கும் திருச்செல்வம்
பென்சிலால் வட்டம் போட்டுக் கேட்டார்:
"இது எந்தக் கம்பெனி சாம்பிள்?"

நான் ஃபிரிட்ஜைத் திறந்தேன்.
வெறும் தட்டு, விளக்கு, வெப்பமானி.
"ஐந்து புள்ளி ஒன்று" என்றேன்.