முள் வைத்த நாற்காலிகள்

ஒவ்வொரு நாற்காலியிலும்
காய்ந்த முட்பூ ஒன்று வைத்திருக்கிறார்கள்.
உட்காராதே என்று எழுதிவைப்பது
அழகில்லையாம்.

சன்னல் திரைகள் பாதி இறங்கியிருக்கின்றன.
பட்டுக்கு வெளிச்சம் ஆகாது என்கிறார் பெரில்,
பக்கத்து அறையில் நோயாளி கிடக்கும் குரலில்.
இரவுப்பணி முடித்து
பர்மிங்ஹாமிலிருந்து நேரே வந்த குகதாசன்
முந்நூறு வருஷத்து மெத்தையைப் பார்த்தபடி
நின்றுகொண்டே கண்ணயர்கிறான்.

மீதிச் சன்னலில்
புல்வெளி முடிவதேயில்லை.
ஆடுகள் இன்னும் பத்தடி வைத்தால்
வரவேற்பறைக்குள் வந்துவிடும்.

இறங்கி நடந்து போனோம்.
இடையில் ஆளுயரப் பள்ளம்.
வீட்டிலிருந்து பார்த்தால் புல்,
ஆட்டுப் பக்கமிருந்து பார்த்தால் சுவர்.
இதன் பெயர் ஹாஹா
என்றது பலகை.

பலகையை இரண்டுதரம் வாசித்து
குகதாசன் சிரித்தான்,
சத்தமாக,
அந்த வளவில் அன்று யாரும் சிரிக்காத அளவுக்கு.
பிறகு சுவர் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தான்.
முள் ஏதும் இல்லை.
உட்கார்ந்து
காலைத் தொங்கப்போட்டான்.

கீழிருந்து ஓர் ஆடு
மேய்வதை விட்டு அண்ணாந்து
வீட்டுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

ஐந்து மணிக்கு மணியடித்தார்கள்.
கல் ஈரம்.
நனைந்த கால்சட்டையோடு
கடைசி பஸ்ஸுக்கு ஓடினோம்.