கந்தோர்

ஆறே முக்கால் பஸ்ஸில்
கட்டபெட்டு தாண்டும்வரை ஜெர்மன் படிப்பேன்.
அதற்குமேல் வளைவுகள், படித்தால் குமட்டும்.
ஆகவே என் ஜெர்மன்
கட்டபெட்டு வரைக்கும்தான்.

மேசை ஆண்பால்.
விளக்கு பெண்பால்.
சிறுமி
(இரண்டு முறை சரிபார்த்தேன்)
ஒன்றன்பால்.
"திணை வழுவா மேடம்?" என்றான் பெள்ளிராஜ்.
"மனப்பாடம் பண்ணு, காரணம் கேட்காதே"
என்றார் இமாகுலேட் மேடம்.
எனக்கென்னவோ காரணம் தெரிந்த மாதிரி இருந்தது.
கொழுந்து நிறுக்கும் இடத்தில்
அம்மாவைப் பார்த்து எடைக்காரர் சொல்வார்:
"நாப்பத்தொண்ணு வந்துருச்சு. பதினெட்டுக் கிலோ."

சொற்களின் வரலாறு, செவ்வாய் மதியம்.
ஊட்டிப் பனி உள்ளே வரப் பார்த்தது.
"அந்த ஜன்னலைச் சாத்து" என்ற மேடம்
"இப்போது நான் பேசியது போர்ச்சுக்கீசியம்" என்றார்.
சாவி, அலமாரி, அலமாரிக்குள் கோப்பை
எல்லாம் கப்பலில் வந்து இறங்கியவை.
பெள்ளிராஜின் அப்பா கேத்தியில் போடும் நூல்கோல்
டச்சு.
கக்கூஸும் டச்சு என்றதும்
கடைசி பெஞ்சு மேசையைத் தட்டியது.
சிரிப்பு அடங்குமுன் பலகையில் எழுதினார்:
கந்தோர்.
அலுவலகம் என்று பொருள். இதுவும் டச்சு.
இன்று வழக்கில் இல்லை.

நான் கை தூக்கவில்லை.

ஒன்பது வயதில் அப்பா
ராமேஸ்வரத்தில் இறங்கினார்.
மண்டபம் முகாமில்
தகரப்பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள்,
தலையில் பேன் பார்த்தார்கள்,
வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தார்கள்.
நாக்கில் இருந்ததை விட்டுவிட்டார்கள்.
ஐம்பது வருடமாகக் கோத்தகிரித் தோட்டத்தில்
"கந்தோருக்குப் போயிட்டு வாறன்" என்றுதான் கிளம்புவார்.
டீக்கடையில் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.
எட்டாவது படிக்கையில்
என் சிநேகிதிகள் முன்னால் ஒருநாள் சொல்லிவிட்டார்.
"ஆபீஸுன்னு சொல்லத் தெரியாதா?" என்று சீறினேன்.
அன்றிலிருந்து என் எதிரில் மட்டும் ஆபீஸ்.
அதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம்,
பல்லிடுக்கில் சிக்கியதை
நாக்கால் எடுப்பவரைப் போல.

வரலாற்றுத் தாளில் நிறைய வரைபடம்.
போருக்குப் போர் நிறம் மாறும்.
படுத்தது ஒரு நாட்டில்,
விழித்தது வேறொன்றில்,
கட்டில் மட்டும் நகரவில்லை.
பிறகு கட்டிலையும் விட்டுவிட்டு
ரயிலேறச் சொன்னார்கள்,
பார்த்தேயிராத தாய்நாட்டுக்கு.
பாடநூலில் இதற்கு அரை வரி. "மக்கள் இடமாற்றம்."
"இது கேள்வியா வருமா?" என்றான் பெள்ளிராஜ்.

வந்தது.
எல்லைகள் நகர்ந்தபோது மக்கள் என்ன ஆனார்கள்?
ஐரோப்பாவிலிருந்து ஒரு சான்று தந்து விளக்குக.
பதினைந்து மதிப்பெண்.

ஐரோப்பாவிலிருந்தே ஒரு சான்று எழுதினேன்.
ஆண்டு, உடன்படிக்கை, தலைக்கணக்கு,
ஒன்றும் பிசகவில்லை.
நூலில் இல்லாத ஒரு வரி மட்டும் சேர்த்தேன்:
போன இடத்தில் அவர்கள் பேச்சைக் கேட்டு
சொந்தப் பிள்ளைகளே வெட்கப்பட்டார்கள்.

பதினைந்துக்குப் பதினொன்று.
அந்த வரியின் கீழே சிவப்புக் கோடு.
பக்கத்தில், "ஆதாரம்?"

விடைத்தாள் வந்த சனிக்கிழமை
அப்பா சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்,
பிராவிடண்ட் ஃபண்ட் விஷயமாக.
எங்கே என்று கேட்டேன்.
அந்தச் சின்ன நிறுத்தம்.
"கந்தோருக்கா?" என்றேன் நான்.

ஒரு செருப்பை மாட்டியவர்
மறு செருப்பின் மேல் கால் வைத்தபடி
என் முகத்தையே பார்த்தார்,
கேலியா என்று.
"மழை வரும், குடை எடுத்துக்குங்க" என்றேன்.
எடுக்காமலே போய்விட்டார்.