வட்டத்துக்குள் ஒரு புள்ளி

மதுரையிலிருந்து வந்த டாக்டர் ஜெசிந்தா
கச்சான் காற்றில் தாள் பறக்காமலிருக்க
எங்கள் வீட்டு உரல்குழவியைத் தூக்கி வைத்து
குடும்பத்தை வரைந்தாள்.
ஆணென்றால் சதுரம். பெண்ணென்றால் வட்டம்.
கறுப்படித்த சதுரங்கள் நான்கு:
கொழும்புக் கடையிலிருந்து ஒரே வாரத்தில்
திருப்பி அனுப்பப்பட்ட நெய்னா மாமா,
அவருக்கு இளையவர்,
சாச்சியின் மகன்,
பிறகு என் காக்கா செய்யது மீரான்.

டேப் வைத்து அவன் காதை அளந்தாள்.
யார் முகத்தையும் பார்க்காதவன்
அவள் செருப்பைப் பார்த்துச் சொன்னான்:
"வார் பிஞ்சிருக்கு. வார் பிஞ்சிருக்கு."
பிஞ்சுதான் இருந்தது.

ஊசிக்கு ஒரு துண்டு தொதல் என்று பேச்சு.
குத்துமுன்னே தின்று முடித்து
குத்தியதும் இன்னொன்று கேட்டான்.
நாற்பத்தொரு வயதில்
அவன் லாபத்தில் முடித்த முதல் வியாபாரம்.

கீழக்கரையில் எங்களுக்குள் வீடு பெண்ணுக்கு.
மாப்பிள்ளைதான் பெட்டியோடு படியேறி வருவார்.
சாவி உம்மாவிடமிருந்து மகளுக்கு,
மகளிடமிருந்து அவள் மகளுக்கு.
இதுவும் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறதென்று
பென்சிலால் தட்டித் தட்டிக் காட்டினாள்,
பத்திரம் வாசிப்பவளைப் போல.

உம்மா ஒன்றுதான் கேட்டார்:
"அப்ப அவுக வகையில இல்லையா?"

வாப்பாவின் சதுரம் வெள்ளை.
அவரிடமிருந்து மகனுக்கு
இது வர வழியே இல்லையாம்.
முப்பது வருஷம்
சோறு வைக்கும்போதெல்லாம்
"உங்க தொண்டி ரத்தம்" என்று உம்மா இடிக்க,
மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில்
வரிசையாக அடுக்கிக்கொண்டு
பேசாமல் சாப்பிட்டவர்.
மவுத்தாகி ஆறு நோன்பு கடந்துவிட்டது.

ரத்தக் குழாய்கள்
மீன் கம்பெனி ஐஸில் புதைந்து போயின.
ஒன்று என்னுடையது.
உம்மாவின் வட்டத்தில்
சோதனைக்குக் காத்திராமல் பேனாவால் ஒரு புள்ளி.
என் வட்டத்தில் கேள்விக்குறி,
பென்சிலில், அழிக்கத் தோதாக.
முடிவு வர ஆறு வாரம்.
வயிற்றில் இருப்பதற்கு
அதற்குள் ஐந்து மாதமாகிவிடும்.
அதை அவள் இன்னும் வரையவில்லை;
நான் இன்னும் சொல்லவில்லை.

மையவாடிக்கு எங்கள் பெண்கள் போவதில்லை.
அஸருக்குப் பிறகு உம்மா
காக்காவின் சட்டைப் பித்தானைப் பூட்டிவிட்டு
காதோடு எதையோ சொல்லி அனுப்பினார்.
வாசலில் நின்றவர்
விளக்குப் போடும் நேரம்வரை உள்ளே வரவில்லை.

காலெல்லாம் மணலோடு வந்தான்.
"சொன்னியாடா?"
"சொல்லிட்டேன். சொல்லிட்டேன்."
கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துச் சொன்னான்.
பிறகு கையை நீட்டினான்,
தொதலுக்கு.