நிகர எடை

காலை ஏழுக்கே வரிசை தொடங்கிவிடும்.
செம்பனைக் குலையோடு லாரி மேடை ஏறும்:
மொத்த எடை.
கொட்டிவிட்டுத் திரும்பும்:
வெற்று எடை.
கழித்தால் வருவது காசு.
பதினொரு வருஷமாக
ஊத்தான் மெலிந்தாங் ஆலை வாசலில்
இதுதான் என் வேலை.
நாற்பது கிலோ குறைந்தாலும்
கண்ணாடியைத் தட்டிச் சண்டைக்கு வருவார்கள்.

தர்வின் பையில் வந்த கடிதத்திலும்
எடைதான் இருந்தது.
இரண்டாம் படிவம். உயரம் நூற்றைம்பத்தெட்டு.
எடை எண்பத்து மூன்று.
எதிரே சிவப்பு மையில்
மலாயில் ஒரே ஒரு சொல்.

எல்லாரு முன்னாலயுமா நிறுத்தாங்க?
"இல்லம்மா, சிக்கு நோராய்னி திரை போட்டாங்க.
ஆனா அது பேசுற தராசு."

பிறகு பாடம் நடந்ததாம்.
தட்டு ஒன்று வரைந்து
சுக்கு, சுக்கு, செப்பாரோ.
கால் பங்கு சோறு, கால் பங்கு மீன்,
பாதி முழுக்கக் காயும் பழமும்.
"மொதல்ல நம்ம சுக்குன்னு நெனச்சிட்டேன்,
வயிறு உப்பினா குடுப்பியே, அது."
சிரித்தது பின்வரிசை மூன்று பேர்தானாம்.
மற்றவர்களுக்கு நம் சுக்கு தெரியாது.

எண்ணெயைக் குறையுங்கள்
என்கிறது தாளின் கடைசி வரி.
ஜன்னலைத் திறந்தால் எண்ணெய் வாடை.
வீட்டு வாடகை எண்ணெய்,
அவன் பள்ளிக் காலணி எண்ணெய்.
குலை மிகுந்த மாதங்களில்
இரவு பத்துக்கு நான் இறங்கும்போது
திறந்திருப்பது கோழி பொரிக்கும் கடை மட்டும்.
கங்கோங் வாங்கலாம்.
அதை ஆய யார் விழித்திருப்பது?
இதை எழுதக் கடிதத்தில் இடம் விடவில்லை.
கையெழுத்துக்கு மட்டும் ஒரு கோடு.

சனிக்கிழமை, லாரி வராத இடைவெளியில்
மேடை நடுவே போய் நின்றான்
கைகளை விரித்துக்கொண்டு.
அது இருபது இருபதாகத்தான் எண்ணும்.
எண்பது என்றேன்.
"பாத்தியா, மூணு கிலோ போச்சு!
சீட்டு அடிச்சுக் குடு."

வாகன எண் கட்டத்தில் அவன் பெயரைத் தட்டினேன்.
வெற்று எடை கேட்டது எந்திரம்.

தெலுக் இந்தான் ஆஸ்பத்திரி,
கண்ணாடிப் பெட்டிக்குள் பதினாறு நாள்.
ஒன்றே முக்கால் கிலோ.
தாதி எழுதிப்போகும் ஒவ்வொரு கிராமுக்கும்
ஏறு, ஏறு என்று
வெளியே நின்றவள் நான்.
இன்னும் அதை
நிறுத்தவில்லை போலிருக்கிறது.

கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.
பின்னால் லாரி ஹாரன் அடித்தது.
அவன் குதித்து இறங்க
திரை பூஜ்யத்துக்கு வந்தது.

மதியத்துக்கு அவனே கட்டி வந்திருந்தான்,
இரண்டு டப்பா.
பாதி வெள்ளரி, கொய்யா;
ஒரு துண்டு கெம்போங் மீன்.
சோற்றுக்கான கால் பங்கைக்
கொஞ்சம் தாராளமாக வகுத்திருந்தான்.
நான் கணக்குப் பார்க்கவில்லை.